மலைப்பாதையில் மிதிவண்டி: ஏற்றத்தின் கணக்கும் இறக்கத்தின் கடனும்

உறையூரில் சைக்கிள் மிதிப்பவருக்கு மேடு என்று சொல்லத்தக்கவை காவிரிப் பாலத்தின் ஏற்றமும் இரயில் பாதை மேம்பாலங்களுமே. சோழர் தலைநகராக இருந்த இவ்வூரும், ஆற்றுக்கு அப்பால் திருவரங்கமும் ஆறு பரப்பிய வண்டல் சமவெளியில் அமைந்தவை. ஆனால் இதே ஊரிலிருந்து வடக்கே மண்ணச்சநல்லூர் வழியாகத் துறையூர் வரை சுமார் 45 கிலோமீட்டர் போய்விட்டால், அடிவானத்தில் இரண்டு மலைகள் எழுந்து நிற்கக் காணலாம். இடப்புறம் கொல்லிமலை, வலப்புறம் பச்சமலை. இரண்டும் கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகள். இடைப்பட்ட பள்ளத்தாக்கில் உப்பிலியபுரம் வழியாகத் தம்மம்பட்டிக்குச் சாலை செல்கிறது. மலையைப் பார்த்துக்கொண்டே போகலாம், ஆனால் ஏற வேண்டியதில்லை. கியர் இல்லாத சைக்கிளுக்கு மிகவும் ஏற்ற வழி இது.

ஏறித்தான் தீருவேன் என்பவர்களுக்குச் சோபனபுரத்திலிருந்து பச்சமலைக்கு ஒரு சாலை உண்டு. அதைவிடப் பெயர் பெற்றது, முசிறி, நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகச் சென்று காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் கொல்லிமலைச் சாலை. அதில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை. அடிவாரத்திற்கும் மேற்பரப்பிற்கும் உள்ள உயர வேறுபாடு கிட்டத்தட்ட ஆயிரம் மீட்டர். திருச்சி மலைக்கோட்டைப் பாறையின் உயரம் 83 மீட்டர். பன்னிரண்டு மலைக்கோட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி, அதன் உச்சிக்குச் சைக்கிளில் போவதாக எண்ணிப் பாருங்கள்.

இத்தனை வளைவுகள் எதற்கு? கிழக்கே புளியஞ்சோலையிலிருந்து ஆகாய கங்கை அருவிப் பக்கம் மேலே செல்லும் நடைபாதை உண்டு. அது ஏறக்குறைய நேராக மலைமேல் ஏறுகிறது. மனிதன் கையூன்றியாவது ஏறிவிடுவான், வண்டியால் ஆகாது. ஆயிரம் மீட்டர் உயரத்தை 4 கிலோமீட்டர் தூரத்தில் ஏறினால் சரிவு நான்குக்கு ஒன்று. அதே உயரத்தை 20 கிலோமீட்டராக நீட்டினால் இருபதுக்கு ஒன்று. சாலையை நீட்ட இடம் வேண்டும். மலைச்சரிவில் இடம் இல்லை. ஆகவே அதை மடித்து மடித்துப் போடுகிறார்கள். செங்குத்தான மேட்டில் சைக்கிளை இப்படியும் அப்படியுமாக வளைத்து மிதிக்கும் பையன் செய்வதும் இதே வேலைதான்.

இனி ஏற்றத்தின் கணக்கைப் பார்ப்போம். ஆளின் எடை 60 கிலோ, சைக்கிளும் மூட்டையும் 15 கிலோ, ஆக மொத்தம் 75 கிலோ எனக் கொள்வோம். நூறு மீட்டருக்கு ஏழு மீட்டர் ஏறும் சாலையில் புவியீர்ப்பு நம்மைப் பின்னோக்கி இழுக்கும் விசை 75 கிலோவில் நூற்றுக்கு 7 பங்கு, அதாவது ஐந்தேகால் கிலோ. டயர் உருளும் தடை சுமார் அரை கிலோ. பயிற்சி இல்லாத ஓர் இளைஞர் மணிக்கணக்கில் தரக்கூடிய திறன் ஏறத்தாழ 100 வாட். இதை வைத்துக் கணக்கிட்டால் வேகம் மணிக்கு 6.4 கிலோமீட்டர் வருகிறது. விறுவிறுப்பாக நடப்பவரும் இதே வேகத்தில் கூடவே வருவார்!

நம் சாதாரணச் சைக்கிளில் முன் பல்சக்கரத்துக்கு 48 பற்கள், பின்னால் பிரீவீலுக்கு 18 பற்கள் எனக் கொண்டால், பெடல் ஒரு சுற்றுச் சுற்றும்போது வண்டி 5.9 மீட்டர் போகிறது. 6.4 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்குப் பதினெட்டுச் சுற்றுதான் ஆகும். அவ்வளவு மெதுவாகச் சுற்றும்போது ஒவ்வொரு மிதிக்கும் காலால் தர வேண்டிய உச்ச அழுத்தம் ஏறத்தாழ 50 கிலோ. ஆளின் எடையே 60 கிலோதான். மேட்டில் இருக்கையை விட்டு எழுந்து நின்று மிதிப்பதன் காரணம் இப்போது விளங்கும். முன்னும் பின்னும் 30 பற்கள் உள்ள கியருக்கு மாற்றினால் அதே வேகத்தில் கால் நிமிடத்துக்கு ஐம்பது சுற்றுச் சுற்றும். அழுத்தம் 18 கிலோவாகக் குறையும். செய்யும் வேலை அணுவளவும் குறையவில்லை. பெரிய கடனைச் சில்லறைத் தவணையாக அடைக்கிறோம், அவ்வளவே.

இந்த எளிய உண்மையை ஏற்கப் பிரான்சு நாட்டின் புகழ்பெற்ற சைக்கிள் பந்தயத்துக்கு வெகுகாலம் பிடித்தது. சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கருவி 1937ஆம் ஆண்டில்தான் அங்கு அனுமதிக்கப்பட்டது. அதற்கு முன் வீரர்கள் மலையடிவாரத்தில் இறங்கி, பின்சக்கரத்தைக் கழற்றித் திருப்பி மாட்டிக்கொண்டு ஏறினர். சக்கரத்தின் இருபுறமும் வெவ்வேறு அளவுப் பல்சக்கரங்கள் இருந்தன. அப்பந்தயத்தின் பேர்பெற்ற ஏற்றமான ஆல்ப் துவேசில் 21 வளைவுகளே. எண்ணிக்கையில் கொல்லிமலைக்கு அது ஈடாகாது.

வளைவுகளில் ஒரு நுட்பம் உண்டு. உட்புற ஓரத்தின் ஆரம் 6 மீட்டர், வெளிப்புற ஓரத்தின் ஆரம் 12 மீட்டர் என்றால், அரைவட்டத்தின் நீளம் முறையே 19 மீட்டரும் 38 மீட்டரும் ஆகும். ஏறும் உயரமோ இரண்டுக்கும் ஒன்றே. ஆகவே உட்புறத்தில் சரிவு இரு மடங்கு. நம் நாட்டில் இடப்புறமாகச் செல்கிறோம். ஏறுகையில் இடப்பக்கம் திரும்பும் வளைவுகளில் எல்லாம் நாம் உட்புறத்தில் இருப்போம். எழுபதில் ஏறக்குறைய பாதி வளைவுகள் இப்படி மூச்சை வாங்கும். அதற்காக வலப்புறம் ஒதுங்கினால், மேலிருந்து வளைவு முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும் பேருந்தின் எதிரே போய் நிற்போம். இறங்கிச் சைக்கிளைத் தள்ளுவதில் வெட்கம் எதுவும் இல்லை.

வியர்வையையும் மறக்கக் கூடாது. தசைகள் உணவாற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கையே வேலையாக மாற்றுகின்றன, மீதி வெப்பம். ஆயிரம் மீட்டர் ஏற 700 கிலோகலோரி செலவாகும். அதில் 500க்கு மேல் வெப்பமாகும். அதை வியர்வையால் மட்டும் வெளியேற்ற ஒரு லிட்டர் அளவுக்கு நீர் ஆவியாக வேண்டும். சமவெளியில் வேகத்தால் வரும் காற்று உடலைக் குளிர்விக்கும். ஏற்றத்தில் அந்தக் காற்றும் இல்லை.

இவ்வளவு பாடுபட்டு ஏறியவர், இனிமேல் இன்பப் பயணம் என்று நினைத்துவிடுகிறார். அபாயம் அங்கேதான் தொடங்குகிறது. உச்சியில் நிற்கும் அந்த 75 கிலோவுக்குள் 735 கிலோஜூல் நிலையாற்றல் சேர்ந்திருக்கிறது. இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் இது. இறங்கும்போது இது முழுவதும் எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். போவதற்கு உள்ள வழிகள் இரண்டு: ஒன்று காற்று, மற்றது பிரேக். (டயரின் தடை மிகச் சிறிது.)

பிரேக் பிடிக்காமல் விட்டால் நாம் எடுத்துக்கொண்ட சரிவில் வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டும். கொண்டை ஊசி வளைவில் பத்திரமாகத் திரும்பக்கூடிய வேகமோ 20 கிலோமீட்டருக்கு உட்பட்டது. வேகம் இரட்டித்தால் காற்றின் தடை நான்கு மடங்காகும். எனவே 40இல் காற்றே பெரும்பங்கு ஆற்றலை வாங்கிக்கொள்ளும். 20இல் காற்று வாங்குவது சொற்பம், பிரேக் ரப்பரும் ரிம்மும் முக்கால் பங்கு சுமையைத் தாங்க வேண்டும். ஏறத்தாழ 200 வாட் வெப்பம் தொடர்ந்து அவற்றில் இறங்கும். ரிம் சூடேறும், ரப்பர் தேயும், பிரேக்கைப் பற்றிய விரல்கள் மரத்துப்போகும்.

பந்தய வீரர்கள் நேர்ப்பகுதியில் வேகமாக விட்டு, வளைவுக்கு முன் சற்று நேரம் பலமாகப் பிடித்துப் பின் விட்டுவிடுகிறார்கள். நம் இரும்பு ரிம் சைக்கிளுக்கு இந்த வழி வேண்டவே வேண்டாம். மழையில் நனைந்த இரும்பு ரிம்மில் ரப்பரின் பிடிப்பு வெகுவாகக் குறையும். நிற்கும் தூரம் பல மடங்கு கூடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இறங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும். தேர்ந்த வீரர்களுக்கும் இறக்கம் கருணை காட்டுவதில்லை: 1992ஆம் ஆண்டின் ஒலிம்பிக் தங்கப் பதக்க வீரரான இத்தாலியின் பாபியோ காசார்தெல்லி, 1995 சூலையில் பிரெனே மலை இறக்கம் ஒன்றில் விழுந்து, தலையில் அடிபட்டு உயிரிழந்தார். தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. தொழில்முறைப் பந்தயங்களில் தலைக்கவசம் கட்டாயமானது 2003இல்தான்.

ஆகவே கொல்லிமலைக்குப் போகிறவர்கள் கிளம்பும் முன்பே நான்கு பிரேக் ரப்பர்களையும் புதிதாக மாற்றிக்கொள்வது நல்லது. இறங்குகையில் எடை முன்சக்கரத்தின் மேல் சாயும். முன் பிரேக்கை மட்டும் திடீரென்று பிடித்தால் ஆளைத் தூக்கியெறியும். இரண்டையும் சேர்த்து, வளைவுக்குள் நுழையும் முன்பே பிடிக்க வேண்டும். வளைவுக்கு நடுவில் அல்ல. பலகைகளில் எண் இருக்கிறதே, பத்து வளைவுக்கு ஒருமுறை நின்று, ரிம் ஆறும் வரை கைகளை உதறிக்கொண்டு பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டுப் போகலாம்.