கோலாலம்பூர் வானளாவிகளில் தேசிய அடையாளம்: வடிவமும் நினைவும்

கோலாலம்பூரின் வானளாவிகள் மலேசிய அடையாளத்தை இருவேறு வழிகளில் உணர்த்துகின்றன. சீசர் பெல்லி வடிவமைத்த 88 தளப் பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரங்களின் தரைத்தள வரைவு, இசுலாமியக் கலையின் எண்முனை விண்மீனை அடிப்படையாகக் கொண்டது. இங்கு அடையாளம் வடிவில் உறைகிறது.

அலுவலகம், தங்கும் விடுதி, வணிக வளாகம் ஆகியவற்றை ஒருங்கே கொண்ட 678.9 மீட்டர் உயர மெர்டேக்கா 118 கோபுரமோ நினைவைச் சார்ந்தது. 1957 ஆகஸ்டு 31 அன்று விடுதலை முழங்கப்பட்ட மெர்டேக்கா அரங்கின் அருகே அது எழுந்துள்ளது. அன்று துங்கு அப்துல் ரகுமான் கையுயர்த்தி நின்ற தோற்றத்தை அதன் புறவடிவம் நினைவூட்டுகிறது.

விடுதலைக்கு வழிவகுத்த கூட்டணியில் வீ. தி. சம்பந்தன் தலைமையிலான மலாயா இந்தியக் காங்கிரசும் இடம்பெற்றிருந்தது. எனவே, சமயஞ்சார்ந்த வடிவத்தைக் காட்டிலும், பல இனத்தார் பங்குகொண்ட வரலாற்று நிகழ்வே மலேசியத் தமிழரும் உரிமை கொள்ளத்தக்க அடையாளமாகிறது.