அம்ப்ரி: காஷ்மீரின் சொந்த ஆப்பிள்

புரட்டாசி பிறந்துவிட்டால் டில்லித் தெருக்களில் தள்ளுவண்டி முழுக்க ஆப்பிள்தான். நாம் கேட்பதும் 'டெலிஷியஸ்', அவன் நிறுத்துத் தருவதும் அதுவே. 'காஷ்மீர் ஆப்பிள்' என்று ஊருக்கு மூட்டை கட்டிக்கொண்டு போகிறோமே, அந்த ரகம் 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் ஒரு தோட்டத்தில் தானாக முளைத்தது! காஷ்மீரின் சொந்தப் பழம் வேறு. அதன் பெயர் அம்ப்ரி.

ஜம்மு–உதம்பூர் ரயில் பாதை வேலையில் நான் இருந்தபோது, ஷோபியான் பக்கத்து நண்பர் ஒருவர் ஒரு பை நிறையக் கொண்டுவந்து கொடுத்தார். பார்வைக்கு அப்படியொன்றும் அழகில்லை. சற்று நீண்ட வடிவம், வெளிர் மஞ்சளில் சிவப்புக் கீற்றுகள். அறை மூலையில் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை கதவைத் திறந்தால் அறையெங்கும் வாசனை! கடித்தால் வெள்ளைச் சதை, நறுக்கென்ற இனிப்பு, புளிப்பு குறைவு. கடைசிப் பழத்தைப் பொங்கல் கழித்துத்தான் தின்றேன். குளிர்பெட்டி எதுவும் கிடையாது. தோல் கொஞ்சம் சுருங்கியிருந்தது, அவ்வளவே.

காஷ்மீரில் நிலவரி நிர்ணய அதிகாரியாக இருந்த வால்டர் லாரன்ஸ், 1895-இல் வெளிவந்த தம் நூலில் இப்பழம் நெடுநாள் கெடாது என்றும், வெளியூர்களுக்கு ஏராளமாகப் போகிறது என்றும் எழுதியிருக்கிறார். லாரியும் குளிர்பதனக் கிடங்கும் இல்லாத காலம் அது.

பின் ஏன் அருகிப்போயிற்று? மரம் காய்ப்புக்கு வரப் பல வருஷம் பிடிக்கும். ஒரு வருஷம் நன்றாகக் காய்த்தால் மறுவருஷம் ஓய்வெடுத்துக்கொள்ளும். சொறி நோயும் எளிதில் பற்றும். டெலிஷியஸோ சீக்கிரம் காய்க்கிறது. சந்தையில் சிவப்பு நிறத்துக்குத்தான் விலை. கடனும் பிள்ளைகள் படிப்பும் உள்ள விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விஞ்ஞானிகள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார்கள். ரெட் டெலிஷியஸுடன் கலந்து பிறந்தது 'லால் அம்ப்ரி'. கோல்டன் டெலிஷியஸுடன் கலந்தது 'சுனேரி'.

2025-இல் மழையால் மலைச்சாலை சரிந்து, லாரிகளிலேயே பழங்கள் அழுகின. அந்த செப்டம்பரில் பட்காமிலிருந்து டில்லி ஆதர்ஷ் நகருக்கு ஆப்பிள் பார்சல் ரயில் விட்டார்கள். பழைய ரயில்வேக்காரனுக்குப் பெருமை இருக்காதா? ஆதர்ஷ் நகருக்குப் பக்கத்தில்தான் ஆசாத்பூர் மண்டி. அக்டோபர் கடைசியில் அங்கே போனால், 'அம்ப்ரி ஹை?' என்று கேட்டுப் பாருங்கள். பல கடைக்காரர்கள் டெலிஷியஸையே நீட்டுவார்கள். வாங்குமுன் மோந்து பாருங்கள். வாசனை இல்லையென்றால் அது அம்ப்ரி இல்லை.