கீழ் இமைக்கு மேல் இமை

கீழ் இமையில் வந்த புற்றுக்கட்டியை வெட்டி எடுப்பதோடு அறுவை மருத்துவரின் வேலை முடிவதில்லை. கட்டியைச் சுற்றி நல்ல திசுவாகத் தெரிவதிலும் சில மில்லிமீட்டர் சேர்த்தே எடுக்க வேண்டும். ஓரங்களில் புற்று மிச்சமில்லை என்று நோயியல் நிபுணர் சொல்லும்போது, சிலருக்குக் கீழ் இமையே இருக்காது. கண் மூடாது, கருவிழி உலர்ந்து புண்ணாகும், பார்வையும் போகலாம்.

வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்டினால் போதாதா? போதாது. இமை இரண்டு அடுக்கு. வெளியே உடம்பிலேயே மிக மெல்லிய தோலும், கண்ணை மூடும் தசையும். உள்ளே டார்சஸ் என்ற விறைப்பான தகடும், அதில் ஒட்டிய ஈரச் சவ்வும். சட்டைக் காலருக்குள் தையல்காரர் வைக்கும் கேன்வாஸ் மாதிரி, இமை தொய்யாமல் நிற்பது இந்தத் தகட்டால்தான். இரண்டையும் புதிதாகக் கட்ட வேண்டும். அதில் ஒன்றுக்காவது ரத்த ஓட்டம் இருந்தாக வேண்டும். ஒட்டின் மேல் ஒட்டு வைத்தால் பிழைக்காது.

இமை நீளத்தில் கால் பங்கு போனால் பெரிய கவலையில்லை, இரு முனைகளையும் இழுத்துத் தைத்துவிடலாம். தசை தொய்ந்த முதியவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாகவே இழுபடும். முதுமைக்கு அப்படியும் ஒரு லாபம்! பாதிக்கு மேல் போனால்தான் சிக்கல்.

அதற்கு அமெரிக்க மருத்துவர் வெண்டல் ஹியூஸ் 1937-இல் வெளியிட்ட முறை, சில திருத்தங்களோடு இன்றும் நடக்கிறது. மேல் இமையைப் புரட்டி, உட்புறத் தகட்டில் ஒரு துண்டைச் சவ்வோடு பெயர்ப்பார்கள். இமை விளிம்பை ஒட்டி 4 மி.மீ. தகட்டைத் தொடக்கூடாது, தொட்டால் மேல் இமை மடங்கிக்கொள்ளும். பெயர்த்த துண்டைத் தனியாக அறுத்துவிடாமல், மேலே சவ்வில் தொங்கவிட்டபடியே இறக்கிக் கீழ் இமைக் காயத்தில் தைப்பார்கள். ரத்தம் மேலிருந்தே வரும். அதன்மீது, பல சமயம் காதுக்குப் பின்னாலிருந்து எடுத்த தோலை ஒட்டுவார்கள்.

சில வாரங்களுக்கு அந்தக் கண் மூடியே கிடக்கும். கீழே புது ரத்தக் குழாய்கள் பிடித்ததும், இரண்டாவது சிறிய அறுவையில் சவ்வை வெட்டிக் கண்ணைத் திறப்பார்கள். புது இமையில் முடி முளைக்காது. ஒற்றைக் கண்ணில் மட்டும் பார்வை உள்ளவர்களுக்கு இந்த முறை தோதுப்படாது. சிறு குழந்தைகளுக்கும் தவிர்ப்பார்கள். அந்த வயதில் கண்ணை வாரக்கணக்கில் மூடினால் பார்வை மழுங்கிவிடும்.

மேலை நாடுகளில் இமைப் புற்றில் பெரும்பான்மை, மெல்ல வளரும் பேசல் செல் வகை. இந்தியாவில் இமையின் கொழுப்புச் சுரப்பிப் புற்றும் கணிசம். அது பொல்லாதது, பரவக்கூடியது. பார்க்கச் சாதாரணக் கண்கட்டி போலவே இருக்கும். ஆகவே நடுவயது தாண்டியவர்களுக்கு ஒரே இடத்தில் கண்கட்டி திரும்பத் திரும்ப வந்தாலோ, அங்கே இமைமுடி உதிர்ந்தாலோ, ஒத்தடத்தோடும் நாமக்கட்டியோடும் நிறுத்திக்கொள்ளாதீர்கள். கண் மருத்துவரிடம் காட்டி, பயாப்சி வேண்டுமா என்று நீங்களே கேளுங்கள்.