விலை இறங்கவில்லை, வாங்கத்தான் ஆளில்லை: புறநகர் வீட்டுச் சந்தை படுத்தால் என்ன ஆகும்?

பல்லாவரத்தில் இருந்து குன்றத்தூர் போகும் சாலையில் பம்மல், அனகாபுத்தூரைத் தாண்டினால் திருமுடிவாக்கம். ஒரு பக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. வாகன உதிரிபாகம் செய்யும் பட்டறைகள், ஷிஃப்ட் முடிந்து கிளம்பும் பைக்குகள். இன்னொரு பக்கம் புதிதாக எழும் அடுக்குமாடிகள். வண்டலூர் - மீஞ்சூர் வெளிவட்டச் சாலை வந்த பிறகு இந்தப் பகுதியின் முகமே மாறிவிட்டது.

இங்கே வீடு பார்க்கப் போகும் எவருக்கும் ஒரு வாசகம் கட்டாயம் காதில் விழும்: "இடத்து விலை என்னைக்கும் இறங்காது சார். இப்போ விட்டா அப்புறம் பிடிக்க முடியாது."

இது முழுப் பொய் இல்லை. பாதி உண்மை. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 2006-ல் உச்சத்தில் இருந்த வீட்டு விலை, 2012-க்குள் நான்கில் ஒரு பங்குக்கும் மேல் சரிந்தது. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த சரிவு அது. சென்னைப் புறநகரில் அப்படி நடப்பது அரிது. இங்கே சந்தை படுத்தால் பலகையில் எழுதிய விலை அப்படியே நிற்கும், வாங்க வரும் ஆள் மட்டும் காணாமல் போவார். 50 லட்சம் என்று சொல்லி ஒருவர் ஒன்றரை வருடம் காத்திருப்பார். 'விலை இறங்கவில்லையே' என்று அவரும் நினைப்பார், அக்கம்பக்கமும் நினைக்கும். மாதாமாதம் 5-ம் தேதி இ.எம்.ஐ. மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும்.

அடி மேல் அடி விழுந்த 5 ஆண்டுகள்

தென்சென்னைப் புறநகர் இதை ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. 2015 முதல் 2020 வரையிலான காலம் அது.

முதல் அடி வெள்ளம். 2015 டிசம்பர் தொடக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரியில் இருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை தண்ணீர் திறக்கப்பட்டது. அடையாற்றை ஒட்டிய முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகள் மூழ்கின. இன்றும் ஏரியின் உபரி நீரைத் திறக்கும்போதெல்லாம் வரும் எச்சரிக்கையில் சிறுகளத்தூர், காவனூர், குன்றத்தூர், திருமுடிவாக்கம், திருநீர்மலை என்று ஊர்ப் பெயர்கள் வரிசையாக இருக்கும். வீடு வாங்க நினைப்பவர்கள் விளம்பரக் கையேட்டோடு இந்தப் பட்டியலையும் பார்ப்பது நல்லது.

வெள்ளம் வடிந்து சந்தை நிமிரும் முன்பே அடுத்த அடி. அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. புறநகரில் மனைகளில் பெரும்பகுதி பஞ்சாயத்து அப்ரூவலை நம்பியே கைமாறிக்கொண்டிருந்த காலம் அது. தங்கச்சி கல்யாணத்துக்கு விற்கலாம் என்று வாங்கிப் போட்ட மனை, அவசரத்துக்கு உதவாத வெறும் காகிதமாகக் கையில் இருந்தது. வரன்முறைப்படுத்தும் விதிகள் 2017 மே மாதம்தான் வந்தன.

அந்தத் தடை இருக்கும்போதே நவம்பர் 8-ம் தேதி பணமதிப்பிழப்பு. வெள்ளை, கறுப்பு என்று இரண்டு கணக்கில் ஓடிய மனைச் சந்தை அன்றிரவே உறைந்தது. 2017-ல் ரெரா சட்டம் நடைமுறைக்கு வந்தது. வாங்குபவருக்கு அது நல்லது என்றாலும், மூச்சு வாங்கிய சிறு பில்டர்களுக்கு கூடுதல் சுமை. ஜூலையில் ஜி.எஸ்.டி. கட்டி முடிக்காத வீட்டுக்கு 12 சதவீதம் வரி என்றதும், 'முடிச்ச வீடா பாத்துக்கலாம்' என்று பலர் ஒதுங்கினர் (2019 ஏப்ரலில் இது 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது). 2018 செப்டம்பரில் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். நிறுவனம் கடனைத் திருப்பிக் கட்டத் தவறியபோது, பில்டர்களுக்குக் கடன் கொடுத்துவந்த நிதி நிறுவனங்கள் கையை இறுக்கின. கடைசியாக 2020 மார்ச்சில் ஊரடங்கு.

இவ்வளவு நடந்தும் 'விலை விழுந்துடுச்சு' என்று யாரும் உரக்கச் சொல்லவில்லை. காரணம் எளிது. பில்டர் சதுர அடி விலையைக் குறைத்தால், போன வருடம் வாங்கியவர் சண்டைக்கு வருவார். அதனால் விலையைத் தொடாமல் பத்திரச் செலவை ஏற்றுக்கொள்வார், கார் பார்க்கிங் இலவசம் என்பார், மாடுலர் கிச்சன் போட்டுத் தருவார். தள்ளுபடிதான் அது, பெயர் மட்டும் வேறு. 6 வருடம் பழைய வீட்டை விற்க நினைப்பவரால் இதில் எதையும் தர முடியாது. எதிரிலேயே புது வீடு சலுகையோடு நிற்கும்போது பழையதை யார் கேட்பார்கள்?

வேலையும் வீடும் ஒரே நேரத்தில்

பங்குச் சந்தை விழுந்தால் பங்கு மட்டும் போகும். புறநகரில் வீட்டுச் சந்தை விழுவது பெரும்பாலும் அந்த வட்டாரத்து வேலையும் ஆட்டம் காணும்போதுதான்.

2019-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுவதும் வாகன விற்பனை சரிந்தது. அந்த செப்டம்பரில் எண்ணூர் அசோக் லேலண்ட் உள்ளிட்ட ஆலைகள் வேலையில்லா நாட்களை அறிவித்தன. பெரிய ஆலையில் லைன் நின்றால், அதற்குப் பாகம் செய்துதரும் சிறு பட்டறைகளில் முதலில் ஓவர்டைம் போகும், அடுத்து ஷிஃப்ட் போகும், பிறகு ஆள் போகும். திருமுடிவாக்கம், அம்பத்தூர் மாதிரியான தொழிற்பேட்டைகளின் கதை இது. இந்த வேலைகளை நம்பி அதே வட்டாரத்தில் வீடு வாங்கியவருக்கு, சம்பளம் குறையும் மாதமும் வீடு விலைபோகாத மாதமும் ஒன்றாகவே வரும். அவரைப் போலவே விற்க நினைக்கும் பக்கத்து வீட்டுக்காரரும் அன்றைக்கே போர்டு மாட்டுவார்.

ஐ.டி. ஊழியர்களுக்கும் இது பொருந்தும். 2025 ஜூலையில் டி.சி.எஸ். நிறுவனம் தன் பணியாளர்களில் சுமார் 2 சதவீதத்தினரை, அதாவது 12,000 பேரைக் குறைக்கப்போவதாகச் சொன்னபோது, பல வீடுகளில் முதலில் எடுத்துப் பார்க்கப்பட்டது ஹோம் லோன் ஸ்டேட்மென்ட்டாகத்தான் இருந்திருக்கும்.

50 லட்சம் வீட்டின் உண்மைக் கணக்கு

எடுத்துக்காட்டுக்கு 50 லட்சம் ரூபாய் வீடு ஒன்று. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையிலான கடனில், வீட்டு மதிப்பில் 80 சதவீதம் வரைதான் வங்கி தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆக, கடன் 40 லட்சம். மீதி 10 லட்சம் கைக்காசு. பதிவுச் செலவை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. 50 லட்சம் வரையிலான புது அடுக்குமாடி வீட்டுக்கு முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து 6 சதவீதம், அதாவது 3 லட்சம். கப்போர்டு, கிரில், இ.பி. டெபாசிட், கார்ப்பஸ் ஃபண்ட் என்று இன்னொரு 2 லட்சம். மொத்தம் 15 லட்சம் ரூபாய் சொந்தப் பணம் வேண்டும்.

இந்த 15 லட்சம் சேமிப்பில் இருந்து வந்தால் ஒரு கதை. பர்சனல் லோன், நகைக் கடன், மாமனார் கைமாற்று என்று வந்தால் கதையே வேறு. பத்திரத்தில் கடன் 40 லட்சம். குடும்பத்தின் தலையில் 55 லட்சம்.

இரண்டு வருடம் கழித்து அவசரமாக விற்கவேண்டி வருகிறது, விலை 10 சதவீதம் குறைத்துக் கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 45 லட்சம் வரும். 7.95 சதவீத வட்டியில், 20 வருடக் கடனில் இன்னும் 38 லட்சத்துக்கு மேல் பாக்கி இருக்கும். புரோக்கர் கமிஷன் போக கையில் மிஞ்சுவது 6 லட்சத்துச் சொச்சம். விலை இறங்கியதென்னவோ 10 சதவீதம்தான். போட்ட 15 லட்சத்தில் பாதிக்கு மேல் காணோம். இரண்டு வருடம் கட்டிய வட்டி இந்தக் கணக்கிலேயே இல்லை.

வட்டி விகிதமும் நின்ற இடத்தில் நிற்காது. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. 6.7 சதவீதத்தில் 40 லட்சம் வாங்கியவரின் இ.எம்.ஐ. சுமார் 30,300 ரூபாய். அதே கடன் 9.2 சதவீதத்துக்குப் போனால், அதே 20 ஆண்டுக்குள் அடைக்க சுமார் 36,500 ரூபாய் கட்டவேண்டும். பல வங்கிகள் இ.எம்.ஐ.யை ஏற்றாமல் தவணைக் காலத்தை நீட்டின. கேட்க இதமாக இருக்கும். ஆனால் 40 லட்சத்துக்கு 9.2 சதவீதம் என்றால் மாத வட்டி மட்டுமே 30,600-ஐத் தாண்டுகிறது. கட்டும் 30,300 ரூபாய் வட்டிக்கே போதாது, அசல் எங்கே குறையும்? இந்தக் குழப்பத்தைப் பார்த்துத்தான் 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டது. வட்டி மாறும்போது இ.எம்.ஐ.யை ஏற்றுவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரைக் கேட்கவேண்டும், காலத்தை நீட்டுவதால் வட்டிக்கே பற்றாத நிலை வந்துவிடக் கூடாது என்றது.

2025-ல் ரெப்போ படிப்படியாகக் குறைந்து டிசம்பரில் 5.25 சதவீதத்துக்கு வந்தது நிம்மதிதான். ஆனால் ஏறும்போது நீட்டப்பட்ட காலம், இறங்கும்போது முழுதாகச் சுருங்கியிருக்கிறதா என்று ஸ்டேட்மென்ட்டைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு.

மூன்று தவணை தவறினால்

90 நாள் பாக்கி விழுந்தால் கடன் வாராக்கடன் கணக்கில் சேரும். பிறகு 2002-ம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ். அதற்கும் கட்டாவிட்டால் வங்கி வீட்டைச் சுவாதீனம் எடுக்கலாம். அந்த அறிவிப்பை இரண்டு நாளிதழ்களில் போடவேண்டும், ஒன்று வட்டார மொழியில் இருக்கவேண்டும். நாளிதழ்களின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில் வரும் அந்த அறிவிப்புகள் இவைதான். ஏலத்துக்கு முன் 30 நாள் அவகாசம். முதல் ஏலத்தில் ஆள் வராவிட்டால் அடுத்த முறை அடிப்படை விலையைக் குறைப்பார்கள். 'இறங்காத விலை' உண்மையில் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் இந்த விளம்பரங்களைத்தான் படிக்கவேண்டும்.

அமெரிக்காவின் சில மாநிலங்களில், வீட்டுச் சாவியை வங்கியிடம் கொடுத்துவிட்டுக் கடனில் இருந்து வெளியேறியவர்கள் உண்டு. இங்கே அது நடக்காது. ஏலத்தில் வந்த பணம் போதாவிட்டால், மீதிக்கும் கடன் வாங்கியவரே பொறுப்பு. அதனால் சம்பளம் நின்ற முதல் மாதமே வங்கிக்குப் போய்ப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. காலத்தை நீட்டுவது, தவணையை மாற்றியமைப்பது போன்றவற்றுக்கு வங்கிகள் செவிசாய்க்கும் வாய்ப்பு, தவணை தவறுவதற்கு முன்புதான் அதிகம்.

எவ்வளவு தாங்கும்?

'எவ்வளவு லோன் கிடைக்கும்?' என்ற கேள்விக்கு வங்கி பதில் சொல்லும். கணவன், மனைவி இரண்டு சம்பளத்தையும் கூட்டி, அதில் பாதி வரை இ.எம்.ஐ.க்குப் போகலாம் என்று கணக்குப் போடும் இடங்கள் உண்டு. பிரசவ விடுப்பு, அப்பாவின் பைபாஸ், ஸ்கூல் ஃபீஸ் எதுவும் அந்தக் கணக்கில் வராது. விரலுக்குத் தகுந்த வீக்கம் எது என்பதை வங்கி மேலாளர் சொல்லமாட்டார், அது அவர் வேலையும் இல்லை.

ஒரு எளிய சோதனை இருக்கிறது. 33,000 இ.எம்.ஐ. வரும், இப்போது வாடகை 14,000 என்றால், வித்தியாசமான 19,000-ஐ ஒரு வருடம் ஆர்.டி.யில் கட்டிப் பார்ப்பது. ஆறாவது மாதமே கையைக் கடித்தால், அந்த வீடு இப்போதைக்கு எட்டாது என்று தெரிந்துவிடும். கடிக்கவில்லை என்றால் வருடக் கடைசியில் இரண்டே கால் லட்சம் கையில் இருக்கும். கடன் வாங்கும்போது இன்றைய வட்டியோடு 2 சதவீதம் கூட்டிப் பார்ப்பதும், ஒரே சம்பளத்தில் இ.எம்.ஐ.யும் மளிகையும் ஓடுமா என்று பார்ப்பதும் இதே மாதிரிதான். வீடு வாங்கிய பிறகும் 6 மாத இ.எம்.ஐ. எஃப்.டி.யில் தனியாக இருந்தால், சந்தை படுக்கும் காலத்தில் அவசர விலைக்கு விற்கவேண்டிய கட்டாயம் வராது. அவகாசம் இருப்பவருக்கு நஷ்டம் பெரும்பாலும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது.

'வரி மிச்சமாகும்' என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. புதிய வருமான வரி முறையில், தானே குடியிருக்கும் வீட்டுக்கான கடன் வட்டிக்குச் சலுகை கிடையாது. ஆண்டு வருமானம் 12 லட்சம் வரை உள்ளவர்களுக்கு அந்த முறையில் வரியே இல்லை என்பதால் பலர் அதற்கு மாறிவிட்டனர். எனவே அந்த வாதம் உங்களுக்குப் பொருந்துமா என்று பார்த்துக்கொள்ளவும்.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. தனிநபர் வாங்கிய, வட்டி மாறக்கூடிய வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கி அபராதம் வாங்க முடியாது. 40 லட்சம் கடனுக்கு வருடத்தில் 12 தவணைக்குப் பதில் 13 தவணை கட்டும் அளவுக்குப் பணம் ஒதுக்கினால், 7.95 சதவீத வட்டியில் 20 வருடக் கடன் 17 வருடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பதிமூன்றாவது தவணைக்குத்தான் பல அலுவலகங்களில் தீபாவளி போனஸ் என்று பெயர்.