அறிமுகமற்றோர் கூறும் ஆலோசனை: தகவலும் அபிப்பிராயமும்



மாத்தளையில் தம்புள்ளை பஸ்ஸில் ஏறிப் பலாபத்வலையில் இறங்குவதற்குள் நீங்கள் இரண்டு தடவை இருமினால், அருகிலிருப்பவர் மருந்து சொல்லாமல் விடமாட்டார். "தங்கச்சி, மல்லியும் இஞ்சியும் போட்டு அவிச்சுக் குடிங்க" என்பார் ஒருவர். முன் இருக்கையிலுள்ளவர் திரும்பி, "இந்த இருமலுக்கு அது சரிவராது" என்று வேறொன்றைக் கூறுவார். இருவரது பெயரும் உங்களுக்குத் தெரியாது. சொன்னது பிழைத்துப் போனால் கேட்பதற்கு அவர்களை மீண்டும் காணப்போவதுமில்லை. இதே பேச்சு இன்று கைத்தொலைபேசி வழியாகவும் ஆயிரக்கணக்கானோரைச் சென்றடைகின்றது.

இவ்வாறான பேச்சில் தகவல், அபிப்பிராயம், ஆலோசனை ஆகிய மூன்றும் கலந்திருக்கும். அவற்றைப் பிரித்தறியும் பழக்கம் தமிழ்மொழியும் இலக்கியமும் பாடத்தில் கிரகித்தல் பகுதிக்கு விடையளிக்கும்போதும் கட்டுரை எழுதும்போதும் உங்களுக்குப் பெரிதும் உதவும்.

"பலாபத்வல ஏ-9 வீதியில் மாத்தளை நகருக்கு வடக்கே உள்ளது" என்பது தகவல். சரியா, பிழையா என்று வரைபடத்தில் பார்த்துவிடலாம். "மாத்தளை நகரை விடப் பலாபத்வல வசிக்க நல்ல இடம்" என்பது அபிப்பிராயம். இதை ஏற்கலாம், மறுக்கலாம். அளந்து பார்க்க முடியாது. "ஆகவே அங்கே காணி வாங்குங்கள்" என்பது ஆலோசனை. ஆலோசனை என்பது தனித்து வருவதில்லை. அதன் அடியில் எப்போதும் ஒரு தகவலோ அபிப்பிராயமோ மறைந்திருக்கும். அதை வெளியே எடுத்துப் பார்ப்பதே நாம் செய்யவேண்டியது.

அறியாதவர் சொல்வதெல்லாம் பிழை என்று எண்ணிவிடாதீர்கள். நமது பிரதேசத்தில் மிளகுச் செய்கையாளர் ஒருவர், "காயவைக்க முன்னர் கொஞ்ச நேரம் கொதிநீரில் அமிழ்த்தி எடுங்கள், நிறம் ஒரே சீராகக் கறுக்கும்" என்று கூறினால், அது அவர் கையால் செய்து கண்ட அனுபவம். சந்தேகம் இருப்பின் ஏற்றுமதி விவசாயத் திணைக்களத்தின் ஆராய்ச்சி நிலையம் மாத்தளையிலேயே இருக்கின்றது, விசாரிக்கலாம். ஒரு பிடி மிளகில் செய்து பார்த்தால் நட்டமும் பெரிதன்று. சோதித்துப் பார்க்கக்கூடியதும் பிழைத்தால் சிறிதளவே இழக்கக்கூடியதுமான ஆலோசனையைத் தாராளமாகக் கேட்கலாம்.

இனி, நாடே அறிந்த ஓர் உதாரணத்தை நோக்குவோம். 2020 டிசம்பரில், கொவிட்-19 பரவியிருந்த காலத்தில், கேகாலை மாவட்டத்தின் ஹெட்டிமுல்லையில் ஒருவர் தேன், சாதிக்காய் முதலியவற்றைக் கொண்டு ஒரு பாணியைத் தயாரித்தார். அதை அருந்தியவருக்கு வாழ்நாள் முழுவதும் அந்நோய் வராது எனக் கூறப்பட்டது. பக்கத்து வீட்டார், பஸ் பயணிகள், முகநூலில் எழுதுவோர் என வாய்க்கு வாய் செய்தி பரவியது. பாணியைப் பெற ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். கூட்டம் கூடக்கூடாது என்றிருந்த வேளையில் கூட்டம் கூடியதே முதலாவது தீங்கு. அக்காலத்துச் சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சியும் அதைப் பகிரங்கமாக அருந்தினார். 2021 ஜனவரியில் அவருக்கே தொற்று உறுதிசெய்யப்பட்டது. அதன்பின் அவர் குணமடைந்தார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். "தேனும் சாதிக்காயும் தொண்டைக்கு இதமாக இருக்கின்றன" என்று ஒருவர் கூறினால், அது அவரது அனுபவம். நாம் மறுக்க வேண்டியதில்லை. "அருந்திய எவருக்கும் நோய் வராது" என்பதோ எல்லோரையும் உள்ளடக்கும் கூற்று. இத்தகைய கூற்றைப் பொய்யாக்க, நோயுற்ற ஒருவர் போதும். அதை மெய்யாக்குவதற்கு, "நான் குடித்தேன், எனக்கு வரவில்லை" என்போர் ஆயிரம் பேர் வந்தாலும் போதாது; ஏனெனில் குடிக்காதவர்களிலும் பலருக்கு நோய் வரவில்லை. குடித்தவர், குடிக்காதவர் என இரு பகுதியினரையும் ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் பயன் தெரியும். தடுப்பூசிகள் இவ்விதம் பரிசோதிக்கப்பட்டே பாவனைக்கு வந்தன. இலங்கையில் தடுப்பூசி ஏற்றல் 2021 ஜனவரி 29 இல் ஆரம்பமானது.

வேறொன்றும் உண்டு. "இயற்கைப் பொருள்தானே, தீங்கு செய்யாது" என்பது நம் வாசனைத் திரவியத் தோட்டங்களின் பக்கம் அடிக்கடி கேட்கும் வாக்கியம். சாதிக்காயை அளவுக்கு மிஞ்சி உட்கொண்டால் வாந்தி, தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு ஏற்படலாம். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அது உயிராபத்தான நச்சுத்தன்மையை உண்டாக்கக்கூடும். பிறந்த பிள்ளையின் நாவில் தேன் தடவச் சொல்லும் பாட்டிமார் இன்னும் நம்மிடையே இருப்பதால் இதை அழுத்திக் கூறுகிறேன்.

டெங்குக் காய்ச்சல் இதைவிட நமக்கு நெருக்கமானது. 2017 இல் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளர் பதிவாகினர். காய்ச்சலுடன் உடல் நோகின்றது என்றால், "அண்ணே, இந்தக் குளிசையில் இரண்டு போடுங்க, நோவு பறந்திடும்" என்று யாராவது சொல்வார். அஸ்பிரின், இபுபுரோபன் போன்ற நோவு மாத்திரைகள் டெங்கு நோயாளிக்கு இரத்தக் கசிவு அபாயத்தை அதிகரிக்கும். பரசிற்றமோலை உரிய அளவில் எடுக்கலாம். இன்னும் மோசமானது, "காய்ச்சல் விட்டுட்டுது, இனிப் பயமில்ல" என்னும் ஆறுதல் வார்த்தை. டெங்கில் காய்ச்சல் குறையும் அந்த ஓரிரு நாட்களே பெரும்பாலும் ஆபத்தான கட்டம். வயிற்று நோ, தொடர் வாந்தி, இரத்தக் கசிவு, மிகுந்த சோர்வு காணப்பட்டால் உடனே வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் சுவசெரிய அம்பியூலன்ஸ் இலவசமாக வரும். அந்த ஆறுதலைச் சொன்னவர் கெட்டவர் அல்லர், அன்பினால்தான் சொன்னார். நல்ல மனதையும் சரியான தகவலையும் ஒன்றென மயங்குவதே பலரும் விடும் பிழை.

பரீட்சை முடிந்ததும் உங்களைத் தேடி வரும் ஆலோசனை வேறு வகையானது: "ஆட்ஸ் செய்யாதீங்க தம்பி, வேலை கிடைக்காது", "சயன்ஸ் செய்தால்தான் மதிப்பு". இரண்டும் தகவலின் உடையணிந்த அபிப்பிராயங்கள். எந்தப் பாடங்களைச் செய்தால் எந்தப் பட்டநெறிக்கு விண்ணப்பிக்கலாம் என்பது தகவல். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிடும் அனுமதிக் கைந்நூலில் அதைப் பார்க்கலாம். எந்தப் பாடத்தில் உங்களுக்கு விருப்பமும் திறமையும் உண்டு என்பதை உங்கள் பாட ஆசிரியர் நன்கறிவார். பஸ்ஸில் வருபவர் உங்கள் கணிதப் புள்ளியைக்கூட அறியார். இதை எழுதும் நான் கலைப் பட்டதாரி. ஆகவே இவ்விடயத்தில் எனக்கும் ஒரு பக்கச்சார்பு இருக்கலாம் என்பதைச் சேர்த்தே வாசியுங்கள்.

கட்டுரை எழுதும்போது "எல்லோரும் கூறுகின்றனர்", "ஆய்வுகள் காட்டுகின்றன" என்று மொட்டையாக எழுதாதீர்கள். யார் கூறினார், எப்போது, எதைக் கண்டு கூறினார் என்பதை எழுதுங்கள். அபிப்பிராயமாயின் "என் கருத்துப்படி" என ஆரம்பித்துக் காரணத்தையும் தாருங்கள்.

பயிற்சி: பின்வரும் கூற்றில் தகவல், அபிப்பிராயம், ஆலோசனை ஆகியவற்றை வேறுபடுத்துக. தகவலை எவ்வாறு சரிபார்ப்பீர் எனவும் இரண்டு வசனங்களில் எழுதுக.

"மகள், டெங்கு வந்தால் பப்பாசி இலைச் சாறு ஒன்றே போதும். ஆஸ்பத்திரியில் வீணாக நாலு நாள் மறிச்சு வைப்பாங்க. எங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தோம், ஒரு கிழமையில் சுகமாயிட்டுது. நீங்களும் அதையே குடுங்க."