அணித்தலைவரே பயிற்றுநராக இருந்த காலம்

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் அன்று உதைபந்தாட்டக் கழகம் என்றால் பெரும்பாலும் ஒரு மனிதரின் பெயரே நினைவுக்கு வரும். இருபது வயதில் முன்வரிசையில் ஆடியவர், முப்பதை நெருங்கும்போது அணித்தலைவர். கால் தளர்ந்ததும் விசிலோடு கோட்டுக்கு வெளியே நின்றார். சம்பளம் கிடையாது. பகலில் பள்ளிக்கூடத்திலோ கந்தோரிலோ சுருட்டுக் கொட்டிலிலோ வேலை, பின்னேரம் மைதானம். ஆடியவரை 'அண்ணை' என்றவர்கள், பழக்கியபோது 'மாஸ்ரர்' என்றார்கள்.

பந்தும் அவர் வீட்டில்தான் இருக்கும். பிளாடருக்குக் காற்றடித்து, அதன் வாயை மடித்துக் கட்டி உள்ளே தள்ளி, தோலின் வாரைக் கோத்து இறுக்க வேண்டும். விதிப்படி 410 முதல் 450 கிராம் நிறை. மாரியில் நனைந்தால் அந்தக் கணக்கு நிற்காது. வார்முடிச்சு நெற்றியைக் கிழிக்காமல் தலையால் அடிப்பது தனிப் பாடம். இன்றைய பந்தில் வாரும் இல்லை, அது தண்ணீர் குடிப்பதும் இல்லை.

பிறகு மைதானத்துக்கே போர் வந்தது. 1987 ஒக்ரோபர் 11 இரவு யாழ்ப்பாணப் பல்கலைக்கழக உதைபந்தாட்ட மைதானத்தில் இந்தியப் படையினர் ஹெலிகொப்டரில் வந்து இறங்கினர். அவர்களுள் சீக்கிய இலகு காலாட்படையினர் 30 பேர். அந்த முப்பது பேரில் ஒருவரே உயிர் தப்பினார். அதே மாதம் கொக்குவில் இந்துக் கல்லூரியில் தஞ்சமடைந்திருந்த சனங்கள் மீது ஷெல் விழுந்தது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் ஊரே வெறுமையானது. அணித்தலைவர் பயிற்றுநராகும் அந்தத் தொடர்ச்சி இந்த ஆண்டுகளில்தான் அறுந்தது என்று நினைக்கிறேன்.

இன்று வசதிகள் கூடியிருக்கின்றன. 1997 முதல் பயன்படாமல் கிடந்த துரையப்பா விளையாட்டரங்கு, 1,850 இருக்கைகளோடு 2016 ஜூன் 18இல் மீண்டும் திறக்கப்பட்டது. ஏழு பேர், ஒன்பது பேர் கொண்ட சுற்றுப்போட்டிகள் மின்னொளியில் நடக்கின்றன. பயிற்றுநருக்கு ஆசிய உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் சான்றிதழ்ப் படிநிலைகள் உண்டு. பெண்பிள்ளைகளும் ஆடுகிறார்கள், தெல்லிப்பழை மகாஜனாக் கல்லூரியின் பெண்கள் அணி தேசிய மட்டத்தில் வென்றிருக்கிறது. அன்று யாரும் எண்ணிப் பார்க்காதது இது. என் கணக்கில் மிகப் பெரிய வரவும் இதுதான்.

ஆனால் இருபத்தைந்து வயதில் நன்றாக ஆடுகிறவன், முப்பதில் ரொறன்ரோவிலோ லண்டனிலோ இருக்கிறான். அங்கிருந்து சீருடைக்கும் வெற்றிக்கிண்ணத்துக்கும் பணம் அனுப்புகிறான். அந்த அன்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும் கிண்ணம் ஒருநாள் மேடைக்கு மட்டுமே. வெளிநாட்டில் இருக்கும் பழைய ஆட்டக்காரர்கள், அடுத்த முறை அந்தப் பணத்தை ஊரில் தங்கிப் பழக்க முன்வரும் ஒருவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள்.