மார்கழிப் புகையும் ஆடிக் காற்றும்

மேற்கே மலை, கிழக்கே கரிசல். இடையே நமது இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மலையடிவாரத்தில் வாழ்வோருக்கு நல்ல காற்றுக்கு என்ன குறை என்று வெளியூர் உறவினர் கேட்பதுண்டு. ஆடி மாதத்தைப் பொறுத்தமட்டில் அவர்கள் கூறுவது சரியே. தென்மேற்குப் பருவக் காற்று தெருப் புழுதியைக் கிளப்பிக் கண்ணை உறுத்தினாலும், புகையை ஓரிடத்தில் தங்க விடுவதில்லை.

மழை ஓய்ந்த மார்கழிக் கடைசியிலும் தை, மாசியிலும் நிலைமை வேறு. அதிகாலைத் திருப்பலிக்கு வரும் வழியில் பனி என்று எண்ணி நாம் முக்காடிட்டுக் கடக்கும் வெண்படலத்தில் புகையும் கலந்திருக்கிறது. அந்நாள்களில் ஆலயத்தில் நமது பிரசங்கத்தைவிட இருமலே உரக்கக் கேட்கிறது. பிரசங்கம் அதற்குக் காரணம் அன்று என்றே நம்புகிறோம்.

பகலில் வெயில் நிலத்தைச் சுடவைக்கிறது. நிலத்தை ஒட்டிய காற்று சூடேறி மேலெழும்போது புகையையும் உடன் கொண்டு போகிறது. மேகமற்ற குளிர் இரவிலோ நிலம் விரைவில் குளிர்ந்துவிடுகிறது. குளிர்ந்து கனத்த காற்று தரையோடு தங்க, அதற்கு மேல் வெப்பமான காற்று பானைக்கு மூடி போட்டதுபோல் நின்றுவிடுகிறது. மலைச்சரிவிலிருந்து இறங்கும் குளிர்காற்றும் அடிவாரத்தில் வந்து தேங்குகிறது. மூடிக்குள் அகப்பட்ட புகைக்கு மேலே போக வழியில்லை. கதிரவன் எழுந்து நிலம் சூடேறிய பின்னரே அம்மூடி கலைகிறது.

இலண்டன் மாநகரில் 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை இவ்வாறே மூடி விழுந்தது. குளிருக்காக வீடுகளில் எரித்த நிலக்கரியின் புகையும் ஆலைகளின் புகையும் வெளியேற முடியாமல், ஏறத்தாழ 4,000 பேர் மாண்டதாக அந்நாளில் கணக்கிட்டனர்; பின்னர் ஆராய்ந்தோர் 12,000 வரை இருக்கலாம் என்றனர். நம் ஊரின் நிலை அத்தகையது அன்று. ஆனால் காற்றின் நியதி ஒன்றே: குளிர் வந்தால் மனிதன் அதிகமாகத் தீ மூட்டுகிறான், அதே குளிரில்தான் காற்று புகையைச் சுமக்க மறுக்கிறது.

நம் இல்லங்களைப் பாருங்கள். குளிப்பதற்கு வெந்நீர் வேண்டும் என்று விடியுமுன்னே முற்றத்தில் விறகு மூட்டுகிறோம். 2016-இல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தால் ஏழைகள் பலர் வீட்டிலும் எரிவாயு வந்தது உண்மை. ஆயினும் சிலிண்டர் சீக்கிரம் தீர்ந்துவிடுமே என்று அஞ்சி வெந்நீருக்கும் சோற்றுக்கும் விறகையே நாடும் தாய்மாரை நாம் குறைகூற மாட்டோம். விலை அப்படி. அந்த அடுப்படியில்தான் கைக்குழந்தையும் மடியில் கிடக்கிறது. புகையின் மிக நுண்ணிய துகள், தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. மூக்கில் தங்காமல் நுரையீரலின் ஆழம் வரை செல்கிறது. ஒரு கனமீட்டர் காற்றில் இத்துகள் ஒரு நாள் சராசரியாக 15 மைக்ரோகிராமுக்கு மேல் இருத்தல் ஆகாது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. நமது நாடு 2009-இல் வகுத்த எல்லை 60. காற்றோட்டமில்லாத விறகடுப்புச் சமையலறையில் அது பல நூறாக ஏறிவிடும். வீட்டுப் புகையால் 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் பேர் இறந்தனர் என்பது அந்நிறுவனத்தின் மதிப்பீடு. பஞ்சாலையில் பல்லாண்டு பஞ்சுத் தூசியைச் சுவாசித்து நெஞ்சு தளர்ந்தவர்களுக்கு இக்காலைப் புகை இரட்டைச் சுமை.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு விறகடுப்பே சுவை என்பர். அச்சுவையை நாமும் மறுப்பதற்கில்லை. ஆனால் கடாயின் முன் நாள் முழுதும் நின்று கிண்டுகிறவருக்கு உயரமான புகைபோக்கி ஒன்றேனும் வேண்டாமா?

பங்குனி, சித்திரையில் மலையிலே காட்டுத் தீ. இரவில் செந்நிறக் கோடாகத் தெரியும் அத்தீயின் புகையை, மலையிலிருந்து இறங்கும் இரவுக் காற்று ஊருக்குள் கொணர்கிறது. அக்காடு 2021-இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அங்கே பீடித் துண்டை அணைக்காமல் எறிந்து வருகிறவர் நம்முள் இல்லாதிருக்கட்டும்.

குப்பையைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வெந்நீர் வேண்டும், சோறு வேண்டும். பிளாஸ்டிக் பையையும் பழைய டயரையும் விடியற்காலையில் தெருமுனையில் கொளுத்த என்ன தேவை? திறந்த வெளியில் குப்பை எரிப்பதை 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகளே தடை செய்தன. 2018 போகியன்று சென்னையில் புகையும் பனியும் கலந்து விமானங்கள் இறங்க இயலாமல் வேறு ஊர்களுக்குத் திருப்பப்பட்டன. நம் ஊரில் திருப்பிவிட விமானம் இல்லை. ஆஸ்துமா உள்ள பிள்ளையை எந்த ஊருக்குத் திருப்புவது?

இந்தத் தையிலேனும் கிழிந்த பாயையும் பழந்துணியையும் போகிக்கு முன்பே நகராட்சி வண்டியில் சேர்த்துவிடுங்கள். வெந்நீர் அடுப்பை வெயில் ஏறிய பின் மூட்ட இயலுமானால் அவ்வாறே செய்யுங்கள். இயலாதெனில் காய்ந்த விறகையே பயன்படுத்துங்கள். ஈர விறகுதான் அதிகம் புகையும். அடுப்பெரியும்போது சன்னல் திறந்திருக்கட்டும். குழந்தையை அப்பொழுது பாட்டியின் மடிக்கு, அடுத்த அறைக்கு மாற்றிவிடுங்கள்.